மருந்தடிக்காத சரிவு

முத்துப்பாண்டிக்கு வீடு ராசிங்காபுரத்தில், ஏலக்காடு குரங்கணிக்கு மேலே. ஜீப்பு போகிற தடம் ஓர் ஓடைக்கரையோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் காப்பிச் செடிகளுக்கு ஊடாக மூச்சு வாங்க ஏற வேண்டும். பெரிய தோட்டக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆள் விட்டாலும் அவரும் கூட இறங்கி வேலை செய்தால்தான் சோலி ஓடும். வாரத்தில் பாதி நாள் மேலே தகரக் கொட்டகையில்தான் கிடப்பார். அங்கே அவருக்குத் துணை குருவம்மாள். மலையாளத்துத் தோட்டங்களில் வெகுகாலம் காய் எடுத்துவிட்டு, முழங்கால் நோவு வந்த பிறகு இந்தப் பக்கம் வந்து தங்கிக்கொண்டவள். பேச்சில் பாதி அந்தப் பக்கத்து வார்த்தையாக வரும்.

அவருடைய ஒரே மகள் தமிழினி கல்லூரியில் உயிரியல் மூன்றாம் வருஷம் படித்தாள். பட்டப்படிப்புப் பிள்ளைகளே சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்து பார்க்கட்டும் என்று அந்த வருஷம் ஒரு திட்டம் வந்திருந்தது. மகாராணி என்ற பேராசிரியை அதற்காக மதுரைக்கும் சென்னைக்கும் அலைந்திருந்தார். துறையில் மற்றவர்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாடத்தையே ஒழுங்காகப் படிக்காத பிள்ளைகள் ஆராய்ச்சியில் என்ன கிழித்துவிடப் போகிறார்கள் என்று பேசினார்கள்.

தமிழினி எடுத்துக்கொண்டது ஏலப்பூவுக்கு வருகிற தேனீ. மருந்தடிக்கிற காட்டில் எத்தனை வருகிறது, அடிக்காத காட்டில் எத்தனை வருகிறது, அதனால் காய்ப்பிடிப்பு எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

"மருந்தடிக்காத காடு நம்ம பக்கம் ஏதுத்தா?" என்று சிரித்தார் முத்துப்பாண்டி. கருவாட்டுக் குழம்பும் சோறுமாக உட்கார்ந்திருந்த ராத்திரி அது.

"இல்லேன்னுதேன் உங்ககிட்ட கேக்குறேன். கெழக்குச் சரிவ மட்டும் விட்டுக் குடுங்கப்பா. மிச்சக் காட்டுல எப்பவும் போல அடிச்சுக்கங்க. இந்தப் பூ முடியிற வரைக்கும் போதும்."

அவள் தாய் அன்னக்கொடி அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "பூச்சி விழுந்தா?"

"கொஞ்சம் விழும்மா. எம்புட்டு விழுதுன்னுதான பாக்கப் போறோம்."

முத்துப்பாண்டி சரி என்றுவிட்டார். மகள் தன்னிடம் ஒன்று கேட்டாள் என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது. மகாராணி மேடம் ஒரு நாள் தானே மலையேறி வந்து சரிவைப் பார்த்தார். கணுக்காலில் அட்டை ஒட்டி ரத்தம் ஒழுகியதைக்கூடக் கவனிக்காமல் தூருக்குத் தூர் குனிந்து பூச்சரங்களைப் பார்த்தார். குருவம்மாள்தான் உப்பைக் கொண்டுவந்து அட்டையை உதிர்த்துவிட்டாள்.

"உங்களுக்குச் சிரமம் ஒண்ணும் இல்லையே?" என்று மேடம் கேட்டதற்கு, "எம்மக படிப்புக்குச் செய்யிறதுல என்ன செரமம் மேடம். நான் ஒண்ணு சொன்னா சொன்னதுதேன்" என்றார் முத்துப்பாண்டி. அன்றைக்குச் சாயங்காலம் குரங்கணி டீக்கடையில், "எம்மக ஆராய்ச்சிக்காகக் காட்டுல ஒரு பகுதிய அப்பிடியே விட்டுட்டேன்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார்.

வைகாசியில் தமிழினி வேலையைத் தொடங்கினாள். வெயில் ஏறுவதற்கு முன்பே கொட்டகையிலிருந்து இறங்கிவிடுவாள். சரிவின் எல்லையில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தாள். ஏலப்பூ தலைக்கு மேல் பூப்பதில்லை. தூரடியிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கிற சரத்தில் வெள்ளையும் ஊதாக் கோடுமாக விரியும். அதனால் அவளும் தரையோடு தரையாக ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்து, எந்தத் தேனீ எந்தப் பூவில் இறங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வாள். சில சரங்களுக்குத் தேனீ புகாதபடி வலைத்துணி கட்டியிருந்தாள். மதியம் ஏறி வரும்போது முழங்கையெல்லாம் மண்ணாக இருக்கும். குருவம்மாள் கப்பைக்கிழங்கை அவித்து, காந்தாரி மிளகாயை அரைத்து வைத்திருப்பாள்.

"ஈச்சையப் பாத்து எழுதுறதுக்கு ஒரு படிப்பா பாப்பா?" என்பாள்.

"ஈ இல்லக்கா, தேனீ."

"ரெண்டும் பறக்கத்தான செய்யிது."

முத்துப்பாண்டி சேர்ந்து சிரிப்பார். மகளை அவர் கேலி செய்ததில்லை. ஆனாலும் மனதின் ஒரு மூலையில் அவருக்கும் அது விளையாட்டாகத்தான் பட்டது. படிக்கிற பிள்ளைகள் படிப்பு முடிவதற்குள் ஏதோ ஒன்றைச் செய்து காட்ட வேண்டியிருக்கிறது, செய்கிறார்கள். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தார்.

அந்த வருஷம் சாரல் தள்ளிப் போயிற்று. மேகம் மலையுச்சியில் வந்து நிற்கும், இறங்காமல் கலைந்துவிடும். வெயில் நின்று காய்ந்தால் ஏலத்தில் பேன் ஏறும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான அந்தப் பூச்சி பிஞ்சைச் சுரண்டிவிடும். காய் முற்றும்போது தோலெல்லாம் சொறி படிந்திருக்கும். போடியில் ஏலத்துக்கு வைத்தால், வியாபாரிகள் சொறிக்காயை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு வாய் பேசாமல் அடுத்த குவியலுக்குப் போய்விடுவார்கள். முத்துப்பாண்டிக்கு அந்த அனுபவம் உண்டு.

தமிழினி தேனீ வகைகளைப் பிரித்துப் பார்க்கப் பழகுவதற்காக ஒரு வாரம் கல்லூரிக்குப் போயிருந்தாள். அந்த வாரத்தில்தான் அவர் கிழக்குச் சரிவில் ஒரு சரத்தைத் தூக்கிப் பார்த்தார். பிஞ்செல்லாம் சாம்பல் பூத்திருந்தது. ரிப்பனுக்கு இந்தப் பக்கத்துத் தூர்களிலும் ஏறத் தொடங்கியிருந்தது. மகளுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். கொட்டகைக்கு மேலே பாறையில் ஏறி நின்றால் சிக்னல் கிடைக்கும். பாறை வரைக்கும் போகவும் செய்தார். 'வேண்டாம்ப்பா' என்று அவள் சொல்லிவிட்டால் அப்புறம் அடிக்க முடியாதே என்று நினைத்து, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

மறுநாள் காலையில் மருந்தடிக்கிற பம்பை முதுகில் மாட்டினார். குருவம்மாள் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து ரிப்பன் அருகில் நின்றுவிட்டாள்.

"அண்ணே, இது பாப்பா ஏரியால்ல."

"தெரியும். நீ ஊத்து."

"கேட்டா என்ன சொல்ல?"

"அடிக்கலேன்னு சொல்லிரு. ஒரு தடவ அடிச்சதுல என்ன ஆயிரப் போகுது. அது பாட்டுக்கு எழுதிக்கிட்டு இருக்கட்டும்."

"என்னயப் பொய் சொல்லச் சொல்லாதீக" என்றாள் அவள். ஆனால் தண்ணீரை ஊற்றினாள்.

தமிழினி திரும்பி வந்த முதல் காலையில் வெகுநேரம் சாக்கிலேயே உட்கார்ந்திருந்தாள். பூ இருந்தது. வெயிலும் இதமாக இருந்தது. தேனீதான் இல்லை. எங்கிருந்தோ ஒன்று வந்து ஒரு பூவில் இறங்காமலே திரும்பியது. அடுத்த நாளும் அப்படித்தான். மருந்தடித்த காட்டுக்கும் அடிக்காத சரிவுக்கும் வித்தியாசமே இல்லாமல் போயிற்று.

"அப்பா, நான் இல்லாதப்ப இங்கிட்டு மருந்து அடிச்சீங்களா?" என்று கேட்டாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. எழுதி வைத்துக்கொள்வதற்காகக் கேட்டாள்.

"இல்லத்தா" என்றார். அவ்வளவு சுலபமாக அந்த வார்த்தை வரும் என்று அவரே நினைக்கவில்லை.

குருவம்மாளிடமும் கேட்டாள். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, "நான் அந்த வாரம் மேக்காட்டுல கெடந்தேன் பாப்பா. எனக்குத் தெரியாது" என்றாள். அன்று அவள் கிழங்கு அவிக்கவில்லை. முழங்கால் வலிக்கிறதென்று சீக்கிரமே படுத்துக்கொண்டாள்.

தமிழினி தன்மேல்தான் சந்தேகப்பட்டாள். உட்காருகிற இடம் சரியில்லையோ, தன் நிழல் விழுந்து தேனீ கலைகிறதோ என்று இடத்தை மாற்றி மாற்றி உட்கார்ந்தாள். முன்னைவிடச் சீக்கிரம் இறங்கினாள். காலெல்லாம் அட்டை கடித்துப் புண்ணாகி, அதைச் சொறிந்து சொறிந்து காய்ச்சலும் வந்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தாள். "இன்னைக்கு ஒரு நாள் விடுத்தா" என்று முத்துப்பாண்டி தடுத்தபோது, "நடுவுல விட்டா முழுசும் வீணாப் போயிரும்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் பின்னாலேயே போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். போகவில்லை.

மாதக் கடைசியில் அவள் கணக்கையெல்லாம் கல்லூரிக்குக் கொண்டுபோனாள். வீடு திரும்பியவள் பையைக் கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அன்னக்கொடி எவ்வளவோ கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மலைக்குப் போகாமலே எழுதியிருக்கேன்னு சொல்றாங்கம்மா."

"யாரு சொன்னா?"

"துறைத் தலைவர். எல்லாரும் இருக்கும்போது. ரெண்டு எடத்துக் கணக்கும் ஒண்ணு போல இருக்காம். பாதி நாள் ஒழுங்காப் போயிருக்க, மீதிய வீட்டுல உக்காந்து நெரப்பிட்டன்னு சொன்னாரு. இதுக்குத்தேன் இந்தப் புள்ளைகளுக்கு ஆராய்ச்சி வேண்டாம்னு சொன்னேன்னு மேடத்தையும் பேசிட்டாரு."

"மேடம் ஒண்ணும் சொல்லலயா?"

"வெளிய வந்து கேட்டாங்க. 'உண்மையச் சொல்லு, தெனமும் போனியா'ன்னு கேட்டாங்கம்மா."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. முத்துப்பாண்டி வாசலில் செருப்பைக் கழற்றியபடி நின்றிருந்தார். முழுவதும் அவர் காதில் விழுந்தது. உள்ளே போய், 'நாந்தேன் அடிச்சேன்' என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். போடி பஸ்சு வந்தது. ஒரு வேலையும் இல்லாமல் அதில் ஏறிப் போய், பஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த பஸ்சில் திரும்பினார்.

அன்னக்கொடி அவருக்குச் சோறு போட்டாள். அவர் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்தாள்.

"நீங்க அடிச்சீகளா?"

அவர் நிமிரவில்லை.

"மருந்து அடிச்சீகளான்னு கேக்குறேன்."

"பேன் ஏறிருச்சு அன்னம். விட்டா மிச்சக் காட்டையும் தின்னுரும்."

"அடிச்சதக் கேக்கல. புள்ளகிட்ட ஏன் சொல்லல?"

"என்னமோ சின்னப்புள்ளைக சோலின்னு நெனச்சுட்டேன்."

அன்னக்கொடி உள்ளறையைப் பார்த்தாள். குரலை இறக்கினாள். "காய்ச்சலோட போயி உக்காந்துச்சே, அப்பக்கூடயா சின்னப்புள்ள சோலி? நான் சொல்ல மாட்டேன். நீங்கதேன் சொல்லணும். எம்புட்டு நாள் ஆனாலும் நீங்களே சொல்லுங்க."

அதன் பிறகு அவள் அவரிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் மகளுக்கு எதிரில் அவளாலும் தலை நிமிர்ந்து உட்கார முடியவில்லை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்கும் கூச்சமாக இருந்தது.

அடுத்த வாரம் மகாராணி மேடமே மலைக்கு வந்துவிட்டார். முந்தின நாளே வந்து கொட்டகையில் தங்கி, காலையில் தமிழினியோடு சரிவில் இறங்கினார். இரண்டு பேரும் ஆளுக்கொரு சாக்கில் எதிரெதிராக உட்கார்ந்து, பேசிக்கொள்ளாமல் பூவைப் பார்த்தார்கள். அதற்குள் சாரல் தொடங்கியிருந்தது, ஆனால் அன்று காலையில் விட்டிருந்தது. ஏல இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டி மேடத்தின் முதுகு நனைந்தது. அவர் அசையவில்லை. முத்துப்பாண்டி மேலே காப்பிச் செடிக்குள் நின்று அதைப் பார்த்தார். இவ்வளவு படித்தவர் ஈரமண்ணில் குனிந்து உட்கார்ந்து, தன் மகள் எண்ணுவதையே தானும் எண்ணிக்கொண்டிருக்கிறார். இதைப் போய் விளையாட்டு என்று நினைத்தோமே என்று அவருக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

மேடம் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "நீ எழுதினது சரிதான் தமிழினி. ரொம்பக் கொஞ்சமாத்தான் வருது. நான் உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"பரவாயில்ல மேடம்."

"பரவாயில்லைன்னு சொல்லாத. தப்புதான். ஆனா ஏன் வரலைன்னு எனக்கும் புரியல."

குருவம்மாள் பாலில்லாத கட்டஞ்சாயாவைத் தூக்குவாளியில் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் முத்துப்பாண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இறங்கி வந்தார். தலைத்துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

"மேடம், நான் அடிச்சேன்."

"என்னது?"

"மருந்து. பாப்பா காலேசுல இருந்த வாரத்துல. பேன் ஏறிருச்சுன்னு அடிச்சுட்டேன். கேட்டப்ப இல்லேன்னு சொல்லிட்டேன். குருவம்மா மேல தப்பில்ல, நாந்தேன் சொல்ல வேணாம்னேன்."

மேடம் திட்டுவார் என்று முத்துப்பாண்டி எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. ஆனால் மேடம், அவர் என்றைக்கு அடித்தார், எந்த நேரம், என்ன மருந்து, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு ஊற்றினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் கொட்டகைக்கு ஓடிப் போய்க் காலிப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். மேடம் அதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார்.

"இதை எழுதிக்கணும் தமிழினி" என்றார்.

தமிழினி எழுதினாள். தகப்பன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். அவர் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எழுதி முடித்ததும், "வலைத்துணி ரெண்டு கிழிஞ்சிருக்கு மேடம், மாத்திட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுச் சரிவின் அந்தக் கோடிக்குப் போனாள்.

முத்துப்பாண்டி பின்னால் போனார். "ஆத்தா" என்றார்.

அவள் துணியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "இங்க மிதிக்காதீங்க. சரம் கெடக்கு" என்றாள்.

அவர் காலை எடுத்துக்கொண்டார்.

பூக்காலம் முடியும் வரை அவள் மலைக்கு வந்தாள். மருந்தடித்த பிறகு தேனீ எத்தனை நாளில் திரும்புகிறது என்று பார்க்கலாமென மேடம் சொல்லியிருந்தார். அவரே துறைத் தலைவரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, தமிழினியிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னதாகக் கேள்வி. தலைவர் கேட்டாரா இல்லையா என்று அவள் வீட்டில் சொல்லவில்லை. தகப்பனோடு பேசாமல் இருக்கவும் இல்லை. ஜீப்பு எத்தனை மணிக்கு, தார்ப்பாய் எங்கே, அம்மா மாத்திரை வாங்கிவரச் சொன்னாள் என்கிற அளவில் பேசினாள். சண்டை போட்டிருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம். இதற்கு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவை மருந்தடிக்கும் முன்பும் அவளிடம் போய் நின்று, "நாளைக்கு மேக்காட்டுல அடிக்கப் போறேன்" என்று சொல்லத் தொடங்கினார். "சரி" என்று குறித்துக்கொள்வாள்.

ஐப்பசியில் மதுரையில் ஒரு கல்லூரியில், பல ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் தங்கள் ஆராய்ச்சியை எடுத்துச் சொல்லுகிற கூட்டம் நடந்தது. தமிழினியின் பெயரும் இருந்தது. பெற்றவர்களும் வரலாம் என்று மேடம் போன் செய்திருந்தார். அன்னக்கொடி, "நீங்க போங்க. நான் வரல" என்றுவிட்டாள். தமிழினி முந்தின நாளே மேடத்தோடு போயிருந்தாள். முத்துப்பாண்டி போடியில் ரயிலேறிப் போய், சலவைச் சட்டையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

அவள் மேடையில் ஏறினாள். திரையில் அவருடைய காடு தெரிந்தது. ரிப்பன் கட்டிய தூர்கள் தெரிந்தன.

"மருந்தடிக்காத பகுதின்னு நாங்க குறிச்சிருந்த சரிவுல, நடுவுல ஒரு தடவ மருந்து அடிச்சுட்டாங்க. அது எங்களுக்கு அப்பத் தெரியாது. பின்னாடி தோட்ட உரிமையாளர் சொல்லித்தான் தெரிஞ்சது" என்றாள்.

தோட்ட உரிமையாளர். அப்பா என்று அவள் சொல்லவில்லை. தன்னைக் காப்பாற்றுகிறாளா, தன்னை வேண்டாம் என்கிறாளா என்று முத்துப்பாண்டிக்கு விளங்கவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து கேட்டார். "ஒத்துக்கிட்ட பிறகு அவர் ஏன் அப்படிச் செஞ்சாரு? இப்படிப்பட்ட ஆளுகளை நம்பி எப்படி ஆராய்ச்சி செய்யிறது?"

தமிழினி திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள். "சொறி விழுந்த காயை யாரும் வாங்க மாட்டாங்க சார். அவரு பயந்துட்டாரு. அவர்கிட்ட எடத்தக் கேட்ட நாங்க, பேன் வந்தா என்ன செய்வீங்கன்னு கேக்கல. யார்கிட்ட சொல்லணும்னும் சொல்லல. அத நாங்க மொதல்லயே பேசியிருக்கணும். ஆனா அவரும் எங்ககிட்ட உண்மையச் சொல்லியிருக்கணும்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் பின்வரிசைப் பக்கம் பார்த்தது போலிருந்தது. பார்த்தாளா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. கைதட்டினார்கள். முத்துப்பாண்டி கையை மடியிலேயே வைத்திருந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யாரோ ஒரு பிள்ளைக்குத் தகப்பனாராக இருக்க வேண்டும். இவர் பக்கம் சாய்ந்து, "என்னதேன் பயந்தாலும் அந்தாளு அப்பிடிச் செஞ்சிருக்கக் கூடாது. புள்ளைகள ஏமாத்திருக்கான் பாருங்க" என்றார்.

"செஞ்சிருக்கக் கூடாதுதேன்."

"உங்களுக்கு அவரத் தெரியுமா?"

"அது நாந்தேன்" என்றார் முத்துப்பாண்டி.

அந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு மேடையைப் பார்த்தார். தமிழினி தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டு, அடுத்துப் பேச வந்த பெண்ணுக்கு மைக்கைத் தாழ்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா நல்லாப் பேசுச்சு அந்தப் புள்ள" என்றார் அவர், பேச்சை மாற்றுவதற்காக. "ஒளிக்காம பேசுச்சு. யாரு பெத்த புள்ளையோ."

'எம்மகதேன்' என்று முத்துப்பாண்டிக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லக் கூச்சமாக இருந்தது. மேடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.